ஆட்டுத் தீவனமும் நம் கடைப் பற்றும்: கொல்லிமலை தரும் பாடம்

அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கும்போது தரம் பார்க்கும் நாம், தவிடு, பொட்டு, புண்ணாக்கு மூட்டைகள் வந்தால் எடை மட்டும் பார்த்து இறக்கிக் கொள்கிறோம். மாட்டுக்கும் ஆட்டுக்கும்தானே என்ற எண்ணம் காரணம். இந்த மூட்டைகளில் நம் வாடிக்கையாளரின் சேமிப்பும் நம் கடைப் பற்றும் அடங்கியுள்ளன என்பதை எடுத்துக்காட்டவே இக்கட்டுரை.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை எடுத்துக் கொள்வோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் செம்மேடு, சோளக்காடு முதலிய ஊர்கள். மலையாளி என்னும் பழங்குடி மக்கள் அங்கே சாமை, தினை, கேழ்வரகு, நெல், மிளகு, காப்பி, பலா, வாழை ஆகியவற்றுடன் மரவள்ளியும் பயிர் செய்கிறார்கள். ஜவ்வரிசி ஆலைகள் பெருகப் பெருக, சாமையும் தினையும் விளைந்த நிலத்தில் பெரும்பகுதி மரவள்ளிக்கு மாறியது. பல வீடுகளில் நாலைந்து வெள்ளாடுகளும் உண்டு.

மலைக்குடும்பத்துக்கு வெள்ளாடு ஒரு வங்கிக் கணக்கு. பிள்ளையின் படிப்புச் செலவு, மருத்துவச் செலவு, கடையில் ஏறிய பாக்கி ஆகிய மூன்றுக்கும் ஆட்டை விற்றே பணம் புரட்டுகிறார்கள். ஆகவே ஆடு செழித்தால் நம் பற்று தீரும். ஆடு செத்தால் பற்று நிற்கும்.

திப்பியில் என்ன இருக்கிறது?

மலையில் விளையும் மரவள்ளிக் கிழங்கு லாரியேறி நாமக்கல், இராசிபுரம், சேலம், ஆத்தூர் வட்டார ஆலைகளுக்குப் போகிறது. மாவு எடுத்தபின் மிஞ்சும் நார்ச்சக்கையே திப்பி. சேலத்தில் 1981-இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தின் வழியே ஜவ்வரிசிக்கும் மாவுக்கும் ஒழுங்கான சந்தை கிடைத்தது. திப்பிக்கோ அத்தகைய மதிப்பு கிடைக்கவில்லை.

ஆனால் உலர்ந்த திப்பியில் பாதிக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது. உடலுக்குத் தெம்பு தருவது அதுவே. குறை என்னவென்றால், 100 கிலோ திப்பியில் புரதம் 2 அல்லது 3 கிலோதான். சதை பிடிக்கவும், குட்டி வளரவும், பால் சுரக்கவும் புரதம் வேண்டும். வெறும் திப்பியை மட்டும் போட்டால் ஆட்டின் வயிறு நிறையும், எடை ஏறாது. வாங்கியவர், "உங்கள் கடைத் தீவனம் ஆகவில்லை" என்பார்.

புரதத்துக்கு நம்மிடமே சரக்கு உண்டு. கடலைப் புண்ணாக்கில் 100-க்கு 40 பங்குக்கு மேல் புரதம். அரிசித் தவிட்டில் 12, 13 பங்கு. துவரம் பொட்டு, உளுந்துப் பொட்டு ஆகியவை பருப்பு உடைக்கும் ஆலையில் தங்குபவை. அவையும் ஏறக்குறைய தவிட்டுக்கு நிகர். ஆகவே திப்பியைத் தனியாக விற்காமல் புரதச் சரக்கோடு சேர்த்து விற்பதே முறை.

ஒரு மாதிரிக் கணக்கு

100 கிலோ கலவைக்கு:

உலர்ந்த திப்பி - 25 கிலோ
உடைத்த மக்காச்சோளம் அல்லது கேழ்வரகு - 15 கிலோ
துவரம் பொட்டு அல்லது உளுந்துப் பொட்டு - 22 கிலோ
அரிசித் தவிடு - 15 கிலோ
கடலைப் புண்ணாக்கு - 20 கிலோ
தாது உப்புக் கலவை - 2 கிலோ
சமையல் உப்பு - 1 கிலோ

இதில் மொத்தப் புரதம் ஏறக்குறைய 15 கிலோ. அதில் பாதிக்கு மேல் 20 கிலோ புண்ணாக்கிலிருந்தே வருகிறது. விலையைப் பார்த்துப் புண்ணாக்கைக் குறைத்தால் கலவையின் பலன் போய்விடும் என்பது இதனால் விளங்கும். 1985-இல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்கு அருகிலேயே இருக்கிறது. சரக்கு மாறும்போது அளவை அங்கே கேட்டுத் திருத்திக் கொள்வது நல்லது.

எவ்வளவு கொடுக்கலாம்?

இது துணைத் தீவனம். முழுத் தீவனம் அல்ல. 25 கிலோ எடையுள்ள வெள்ளாடு நாளொன்றுக்கு உலர்ந்த கணக்கில் முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை தின்னும். அதில் பெரும்பகுதி தழையும் புல்லும் தட்டையுமாகவே இருக்க வேண்டும். பலாத்தழை, கடலைக்கொடி, கேழ்வரகுத் தட்டை, அவரைக் காய்த்தோல் எல்லாம் இதற்கு ஏற்றவை. கலவை வளர்ந்த ஆட்டுக்கு 150 முதல் 250 கிராம், தீனி தின்னப் பழகிய குட்டிக்கு 50 முதல் 100 கிராம் போதும். வெள்ளாட்டின் சினைக்காலம் 5 மாதம். கடைசி ஆறு வாரமும் குட்டி ஈன்று பால் கொடுக்கும் காலமும் கலவை அவசியம் தேவைப்படும் நாட்கள். தழை குறையும் கோடையும் அப்படியே.

புதிய தீவனத்தை ஒரு பிடியில் தொடங்கி, 7 முதல் 10 நாளில் முழு அளவுக்கு உயர்த்த வேண்டும். ஆட்டின் இரைப்பை நான்கு அறைகள் கொண்டது. முதல் பெரிய அறையில் வாழும் நுண்ணுயிர்களே தீனியைச் செரிக்கச் செய்கின்றன. திடீரென்று மாவுச்சத்து மிகுந்தால் அங்கே புளிப்பு ஏறி ஆடு சாகவும் கூடும். விசேஷ வீட்டில் மிஞ்சிய சோற்றைத் தின்று ஆடு சாவது இதனால்தான்.

கடைக்காரர் கவனிக்க வேண்டியவை

1. ஆமணக்குப் புண்ணாக்கு வயலுக்கு உரம், ஆட்டுக்கு நஞ்சு. நம் பகுதியில் இரண்டு புண்ணாக்கும் ஒரே மாதிரிச் சாக்கில் ஒரே கிடங்கில் இருப்பதுண்டு. தனி இடத்தில் அடுக்கி, சாக்கின் மேல் "உரம்" என்று பெரிதாக எழுத வேண்டும். ஒரே தராசுத் தட்டில், ஒரே முறத்தில் இரண்டையும் அள்ளக் கூடாது.

2. பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கை எந்த விலைக்கும் விற்கக் கூடாது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் இருந்த பூஞ்சை நஞ்சே காரணம் என்று பிறகு கண்டார்கள். அஃப்ளாடாக்சின் என்று பெயரிட்டது அதற்குத்தான். வெயிலில் காயப்போட்டால் பூஞ்சை மறையலாம், நஞ்சு மறையாது. மலையில் மழையும் பனிமூட்டமும் மிகுதி. ஆகவே அங்குள்ள கடைக்காரர்கள் மூட்டைகளைப் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்கி, சிறிது சிறிதாகக் கொள்முதல் செய்வதே பாதுகாப்பு.

3. மரவள்ளியின் பச்சைத் தழையிலும் கிழங்குத் தோலிலும் சயனைடு நஞ்சு உண்டு. தழையில் புரதம் நிறைய இருப்பதால் அதை வீணாக்கவும் வேண்டாம். நறுக்கி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் சருகாகக் காயவைத்துச் சிறிதளவு கொடுக்கலாம். பசித்த ஆட்டை அறுவடைக் காட்டில் அவிழ்த்து விடக் கூடாது. மூச்சுத் திணறி ஆடு விழுந்தால் உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். இந்தச் செய்தியை வாங்குபவரிடம் வாயால் சொல்வது நம் கடமை.

4. ஈரத் திப்பி புளித்துப் போகும். கையில் நொறுங்கும் அளவு காய்ந்ததையே வாங்க வேண்டும்.

5. தவிட்டை ஒரு கைப்பிடி தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மணல் அடியில் தங்கும். உமி மேலே மிதக்கும். இரண்டும் மிகுந்தால் சரக்கைத் திருப்புங்கள்.

நமக்கு என்ன ஆதாயம்?

தீவனத்தில் கிலோவுக்குக் கிடைக்கும் இலாபம் குறைவு. ஆனால் வாரந்தோறும் தீவனத்துக்கு வருபவர் மளிகையும் நம்மிடமே வாங்குவார். மலையிலிருந்து கிழங்கு இறக்கிய லாரி மேலே திரும்பும்போது திப்பியும் பொட்டும் ஏற்றினால் வாடகை மிச்சம். முழு மூட்டைக்குப் பணம் இல்லாதவருக்காக 5 கிலோ, 10 கிலோ கட்டுகளாகக் கலந்து வைக்கலாம். கட்டின் மேல் கலந்த தேதியும், ஒரு ஆட்டுக்குக் கொடுக்கும் அளவும் எழுதினால் நம்பிக்கை வளரும்.

வாங்குபவர் அந்த மூட்டையைத் திறந்து சோதிக்கும் வசதி இல்லாதவர். நம் சொல்லை நம்பியே எடுத்துச் செல்கிறார். நாலைந்து ஆடு மட்டுமே உள்ள வீட்டில் ஒரு ஆடு போனால், ஒரு வருட முயற்சி போகிறது. கெட்டுப்போன ஒரு மூட்டையைக் குப்பையில் கொட்டும் நட்டத்தை நாம் ஒரு வாரத்தில் ஈடுகட்டிவிடலாம். அவரால் முடியாது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்து வணிகம் செய்வோமாக.