மூச்சா, இருதயமா?



நோய், நோயின் காரணம், நோயின் நீக்கம், நீக்கும் வழி என நான்காகப் பகுத்தறியும் மருத்துவ முறையோடு நமது நான்கு வாய்மைகளை ஒப்பிட்டுக் கூறுதல் வழக்கம். இந்நான்கனுள் இரண்டாவதே மிகக் கடினமானது. துக்கம் உண்டென்பதை எவரும் மறுப்பதில்லை. அதன் காரணம் இன்னதென்று சொல்லுமிடத்தில் கற்றோரும் இடறுகின்றனர். தொலைக்காட்சியில் வரும் மருத்துவர் கதைகளைப் பார்த்துவிட்டு, நோயைத் தவறாகக் கணித்தார்களே என்று நம் இளைஞர் வியந்து பேசுகின்றனர். கதையில் உண்மை ஒரு மணி நேரத்திற்குள் வெளிப்பட்டுவிடும். ஐதராபாத்து நகரில் மெய்யாகவே நிகழ்ந்த ஒரு பிழையான காரண நிர்ணயம் திருந்துவதற்கோ இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் சென்றன. அதனை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1847 நவம்பரில் எடின்பரோ நகரத்து மருத்துவர் சிம்சன் என்பார் குளோரோபாரம் என்னும் திரவத்தின் ஆவியை நுகரச் செய்து நோயாளியை நினைவிழக்கச் செய்யலாம் எனக் கண்டார். அறுவையின் வேதனையை அறியாது மக்கள் உறங்கலாயினர். ஆனால் மூன்று திங்கள் கழியுமுன், 1848 ஜனவரி 28ஆம் நாள், இங்கிலாந்தில் நியூகாசில் நகருக்கு அருகே ஹன்னா கிரீனர் என்னும் 15 வயதுச் சிறுமி, கால்விரல் நகத்தை எடுப்பதற்காகக் கொடுத்த குளோரோபாரத்தால் சில நிமிடங்களில் மாண்டாள். மிகவும் அஞ்சியிருந்தாள் அச்சிறுமி. இந்த அச்சத்தை அன்பர்கள் நினைவில் வைத்துக் கொள்க, பின்னர் வேண்டியிருக்கும்.

இவ்வாறான மரணங்கள் தொடர்ந்தன. மூச்சு முதலில் நிற்கிறதா, இருதயம் முதலில் நிற்கிறதா என்னும் வினா எழுந்தது. எடின்பரோ ஆசிரியர் சைம் என்பாரின் வழியினர், மூச்சைக் கவனித்தால் போதும், நாடியைப் பாராட்ட வேண்டுவதில்லை என்றனர். இலண்டன் மருத்துவர் பலர் நாடியையே நம்பினர். (நமது சங்கத்தின் முன்னோடியாகிய பண்டிதர் அயோத்திதாசர் சித்த மருத்துவர். நாடியைப் பாராட்ட வேண்டாம் என்று அவரிடம் எவரேனும் கூறியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என எண்ணிப் பார்க்கிறோம்!)

சைமின் மாணாக்கராகிய எட்வர்டு லாரி என்னும் ஆங்கிலேயர் ஐதராபாத்தில் ரெசிடென்சி மருத்துவராக இருந்தார். அப்சல்கஞ்சு மருத்துவமனையும் மருத்துவப் பள்ளியும் அவர் மேற்பார்வையில் இருந்தன. 1908இல் மூசி ஆற்று வெள்ளம் கொண்டுபோன மருத்துவமனை அது. இன்றுள்ள உஸ்மானியா மருத்துவமனை அதன் வழித்தோன்றல். உலகின் முதற்பெண் மயக்க மருத்துவர் எனப் போற்றப்படும் ரூபாபாய் பர்தூன்ஜி அப்பள்ளியிற் பயின்றவரே. ஆறாம் நிஜாம் மீர் மகபூப் அலிகான் பொருளுதவியுடன், 1888இல் லாரி நாய்களைக் கொண்டு சோதனை நடத்தி, மூச்சே முதலில் நிற்கிறது என அறிவித்தார். இலண்டனில் வெளிவரும் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழ் இதனை ஒப்பவில்லை. அவ்வாறாயின் நுமது பிரதிநிதியையே அனுப்புக என்று நிஜாம் 1,000 பவுன் அளித்தார். 1889இல் லாடர் பிரண்டன் என்னும் புகழ்பெற்ற மருத்துவர் வந்து சேர்ந்தார்.

நாய், குரங்கு, குதிரை, ஆடு, பூனை, முயல் என 400க்கும் மேற்பட்ட உயிர்கள் அச்சோதனையில் பயன்படுத்தப்பட்டன. பஞ்சசீலம் ஏற்ற நாம் இந்த எண்ணைப் படித்துவிட்டு எளிதாக அடுத்த வரிக்குச் செல்ல இயலாது. இரத்த அழுத்தத்தைச் சுழலும் உருளையின்மீது கோடாக வரைந்து காட்டும் கருவியும் வைக்கப்பட்டது. முடிவு முன்போலவே வந்தது: மூச்சு நின்ற பின்னரே இருதயம் நிற்கிறது. இருதயமும் முதலில் நிற்கக்கூடும் என்ற எண்ணத்துடன் வந்த பிரண்டன், தமது கொள்கையை மாற்றிக் கொண்டார். கண்டதை ஒப்புக்கொள்ளும் நேர்மை அவரிடம் இருந்தது; ஆயினும் அவர் மாறிச் சென்ற இடமும் பிழையான இடமே.

பிழை எங்கே? சோதனையில் பொய்யில்லை. ஆழ்ந்த மயக்கத்தில் குளோரோபாரம் மிகுந்தால் மூச்சு முதலில் நிற்பது உண்மையே. ‘நாங்கள் பார்த்த வகையில் இவ்வாறு நிகழ்கிறது’ என்று நிறுத்தியிருந்தால் அறிவாகும். ‘எவ்வகையிலும் இவ்வாறே நிகழும்; இருதயத்திற்கு அச்சமில்லை’ என்று விரித்ததுதான் பிழை. 1911இல் குட்மன் லெவி என்பார் பூனைகளிடத்து வேறொன்றைக் கண்டார். மயக்கம் ஆழமாக இல்லாமல் இலேசாக இருக்கும்போது, அச்சத்தாலும் கிளர்ச்சியாலும் உடலில் சுரக்கும் அட்ரீனலின் என்னும் பொருளும் சேர்ந்தால், இருதயத்தின் கீழறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் இழை இழையாகத் துடித்து, திடீரென இரத்தவோட்டம் நின்றுவிடும். குறைவாகக் கொடுத்தால் கேடில்லை என்று நம்பியிருந்த இடத்திலேயே கூற்றுவன் காத்திருந்தான். ஹன்னா என்னும் சிறுமியின் அச்சம் இப்பொழுது விளங்குகிறதன்றோ? மூச்சும் நிற்கலாம், இருதயமும் நிற்கலாம். இன்றைய மயக்க மருத்துவர் மூச்சையும் நாடியையும் இரத்தத்தின் பிராணவாயு அளவையும் ஒருங்கே நோக்குகின்றார்.

இனி சம்யுத்த நிகாயத்திற்கு வருவோம். மோலிய சீவகன் என்னும் பரிவிராசகன் (மருத்துவர் ஜீவகர் வேறு, இவன் வேறு) இராசகிருகத்து மூங்கிற்காவில் பகவனை அணுகினான். மனிதன் நுகரும் இன்பமும் துன்பமும் யாவும் முன்செய்த வினையின் பயனே என்று சிலர் கூறுகின்றனரே, அதனைப் பற்றிப் பகவன் யாது கூறுகிறார் என்று வினவினான். விடையாகப் பகவன் எட்டுக் காரணங்களைப் பிரித்துக் காட்டினார்: பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாற்றம், ஒழுங்கற்ற நடை, பிறர் செய்யும் தாக்குதல், வினைப்பயன். யாவும் முன்வினையே என்போர் தாமே அறிந்ததையும் உலகம் உண்மையென ஏற்றதையும் கடந்து பேசுகின்றனர் என்பது அவர் தீர்ப்பு. வினைப்பயனை அவர் விலக்கவில்லை. எட்டில் ஒன்றாக, அதற்குரிய இடத்தில் வைத்தார்.

இது நமக்கு ஏடுகளில் மட்டும் உள்ள பாடமன்று. சேரியிற் பிறந்தது முன்வினை, கிணற்றிலே நீர் மொள்ளக் கூடாதென்றது முன்வினை, குழந்தை கழிச்சலில் மாண்டது முன்வினை என்று நம் பாட்டன் பூட்டனுக்கு நோய் கணித்துச் சொன்னவர்கள், எட்டில் ஏழை மறைத்து ஒன்றையே காட்டினார்கள். கிணற்றைத் தடுத்த கை பட்டியலில் ஏழாவது. அண்ணல் அம்பேத்கர், 1957இல் வெளியான தமது ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில், ஏழ்மைக்கு முற்பிறப்பு வினையைக் காரணமாக்கும் கொள்கையை மறுத்ததும் இதற்காகவே.

பஞ்சாலையில் நாம் வேலை செய்த காலத்தில், ஓய்வு நாள் கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் தோழர் பலருக்கு மார்பு இறுகும். பீடியால் என்பர் சிலர்; தலையெழுத்து என்பர் சிலர். பீடியே தொடாதவருக்கும் இறுகிற்று. பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய்க்கு இந்த முதல் நாள் இறுக்கமே அடையாளம் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. தலையெழுத்து என்று சொன்னவரை எந்தத் தூசி உறிஞ்சியும் எந்த மூக்குறையும் சென்றடையவில்லை.

மற்றொரு புறமும் காண்போம். பௌத்தம் தழுவிய நம்மவருள் சிலர், எல்லாத் துன்பமும் ஏழாவது காரணமே, பிறர் செய்ததே என்று பேசத் தொடங்கியுள்ளனர். இதுவும் லாரியின் வழியே. சாக்கடை கட்டாமல் விட்டவன் ஏழாவது காரணம் என்பது மெய். ஆனால் நீரைக் காய்ச்சாமல் குழந்தைக்குக் கொடுப்பது ஆறாவது. குழந்தை இரண்டினாலும் நோயுறுகிறது. முன்னதற்கு மனு எழுதுக. பின்னதற்கு அடுப்பை மூட்டுக.

வரும் பௌர்ணமி உபோசத வகுப்பிற்கு, தங்கள் வீட்டில் சென்ற ஓராண்டில் நேர்ந்த நோய் ஒன்றை எடுத்து, எட்டுக் காரணங்களையும் வரிசையாக எழுதி, எவை பொருந்தும், எவை பொருந்தா என்று குறித்து வருக. எழுதவறியாத மூத்தோர் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவித்தல் போதும்.