மலை மாநிலங்களின் நொதித்த சோயா உணவுகள்

சோயா மொச்சையின் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு புரதமும் 20 விழுக்காடு எண்ணெயும் அடங்கியுள்ளன. 1960-களின் நடுப்பகுதியில் பந்த்நகர், ஜபல்பூர் வேளாண்மைப் பல்கலைக் கழகங்கள் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக் கழகத்தின் ஒத்துழைப்புடன் இப்பயிரைப் பரப்ப முற்பட்டபோது, மக்களின் புரதப் பற்றாக்குறையைக் குறைப்பது முக்கிய நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. பயிர் பரவியது, ஆனால் உண்ணும் பழக்கம் பரவவில்லை. மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் விளையும் சோயாவில் பெரும்பகுதி எண்ணெய் ஆலைகளுக்கே செல்கிறது. எஞ்சும் புண்ணாக்கு பெரும்பாலும் கால்நடை, கோழித் தீவனமாகிறது.

சோயாவின் பச்சை வாடையும், எளிதில் செரிக்காத தன்மையும் இதற்குக் காரணங்களாகும். ஆனால் இவ்விரண்டையும் வெல்லும் வழியை இமயமலைச் சரிவுகளிலும் வடகிழக்கு மலைகளிலும் வாழும் மக்கள் நெடுங்காலமாக அறிந்துள்ளனர்.

பெயர் பல, முறை ஒன்று

சிக்கிமிலும் டார்ஜிலிங் மலைப் பகுதியிலும் இவ்வுணவு கினிமா எனப்படுகிறது. மணிப்பூரில் ஹவாய்ஜார், மேகாலயாவில் துங்ரிம்பாய், மிசோரத்தில் பேகாங், நாகாலாந்தில் அகுனி எனப் பெயர்கள் வேறுபடினும் செய்முறையின் அடிப்படை ஒன்றே. ஊறவைத்த சோயாவை மென்மையாகும்வரை வேகவைத்து, நீரை வடித்து, இலைகள் பரப்பிய மூங்கில் கூடையில் இட்டு, அடுப்பங்கரையின் வெதுவெதுப்பில் சில நாட்கள் வைக்கின்றனர். கினிமா செய்வோர் வெந்த சோயாவை உரலிலிட்டு இலேசாக நசுக்கிச் சிறிதளவு விறகுச் சாம்பலும் கலப்பதுண்டு. கூடையில் பெரணி இலைகளைப் பரப்புகின்றனர். ஹவாய்ஜாருக்கு அத்தி இலையோ வாழையிலையோ பயன்படுகிறது.

நிகழும் மாற்றம்

தென்னாட்டு இட்லி மாவில் லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் புளிப்பைத் தோற்றுவிக்கின்றன. சோயாவில் நிகழ்வது இதற்கு நேர்மாறானது. பேசில்லஸ் சப்டிலிஸ் என்னும் நுண்ணுயிர் புரதத்தைச் சிதைத்து அமினோ அமிலங்களாக்குகிறது. வெளிப்படும் அம்மோனியா காரத்தன்மையையும் கடுமையான மணத்தையும் தருகிறது. பருப்பின்மேல் நூல்போல் இழுபடும் பசை தோன்றுவது பக்குவத்தின் அடையாளமாகும். புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் வேகவைக்கும்போதே பெருமளவு அழிந்துவிடுகிறது. ஜப்பானியரின் நாட்டோவும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

உப்பு சேர்க்கப்படாததால் ஈரமான பண்டம் நெடுநாள் தாங்காது. எனவே கினிமாவை வெயிலில் உலர்த்துகின்றனர். அகுனியை அடுப்பின்மேல் புகையில் காயவைக்கின்றனர். சிக்கிமில் வெங்காயம், தக்காளி, மஞ்சள், மிளகாயுடன் வதக்கிய கினிமா சோற்றுக்குக் குழம்பாகிறது. மேகாலயாவில் பன்றியிறைச்சியும் கருப்பு எள்ளும் சேர்த்துத் துங்ரிம்பாய் சமைக்கப்படுகிறது.

பெண்களின் கைத்தொழில்

இவற்றைச் செய்வோரும் விற்போரும் பெரும்பாலும் பெண்களே. இம்பாலில் பெண்களே கடை நடத்தும் இமா கைத்தல் சந்தையிலும், ஷில்லாங்கின் யூடுக் சந்தையிலும் இவை விற்பனையாகின்றன. அதிக முதலீடு வேண்டாத இத்தொழில் பல குடும்பங்களுக்கு நாள்தோறும் வருவாய் தருகிறது.

எனினும் இரு தடைகள் உள்ளன. முதலாவது, தரம் ஒரே சீராக அமையாமை. இயற்கையாக வந்து சேரும் நுண்ணுயிர்களை நம்பிச் செய்வதால் தீங்கு விளைவிக்கும் பேசில்லஸ் சீரியஸ் போன்றவையும் புகக்கூடும். தூய்மையும், உண்ணுமுன் நன்கு சமைத்தலும் இன்றியமையாதவை. நுண்ணுயிரியல் அறிஞர் ஜோதி பிரகாஷ் தமாங் முதலியோர் கினிமாவுக்கு ஏற்ற உறை நுண்ணுயிரைத் தேர்ந்தெடுக்கும் ஆய்வுகளை 1990-களிலேயே வெளியிட்டனர்.

இரண்டாவது தடை மணம் குறித்த வெறுப்பு. தில்லியில் அகுனி சமைக்க முயலும் வடகிழக்கு இளைஞர்கள் அண்டை வீட்டாரின் எதிர்ப்பைச் சந்திப்பதை 2020-இல் வெளிவந்த ‘அகுனி’ திரைப்படம் சித்திரித்தது. பெருங்காயத்தையும் கருவாட்டையும் விரும்பி உண்ணும் நாட்டில் மணம் என்பது பழக்கத்தைப் பொறுத்ததே என்பதை விளக்க வேண்டியதில்லை.

செய்யத்தக்கவை

பெண்கள் குழுக்களுக்குத் தூய்மைப் பயிற்சியும் உலர்த்தும் வசதியும் அளிப்பது முதற்படியாகும். உறை நுண்ணுயிரைப் பயன்படுத்தும்போது, ஒரே வகையை எங்கும் புகுத்தாமல் அந்தந்த மலைக்குரிய சுவையும் நுண்ணுயிர் வகையும் காக்கப்பட வேண்டும். உள்ளூர் விதைகளையும், கூடைக்கு உதவும் இலைச் செடிகளையும் பேணுவதும் இதனுடன் இணைந்த பணியே. புரதத்தைத் தீவனத்திற்கு அனுப்பிவிட்டுப் புரதக் குறைவுக்கு வருந்தும் நிலை மாறவேண்டுமாயின், சோயாவை உணவாக்கத் தெரிந்தவர்களின் அறிவுக்கு உரிய இடம் அளித்தல் வேண்டும்.