மூளையின் மதிலும் மருந்தின் வழியும்

நம்முடன் நெடுங்காலம் இலக்கணம் கற்பித்த ஆசிரியர் ஒருவர், ஓய்வு பெற்ற மறு ஆண்டில், நள்ளிரவில் வலப்பக்கம் வழங்காது வீழ்ந்துகிடக்கக் காணப்பட்டார். வீட்டார் எண்ணெய் பூசினர். அயலவராகிய நாமும் விடியட்டும் என்றிருந்தோம். விடிவதற்குள் நோய் தன் வேலையை முடித்துவிட்டது. வேற்றுமை எட்டையும் உறக்கத்திலும் ஒப்புவிக்கவல்ல அவர், பின்னர் 'நீர்' என்னும் சொல்லையே தேடி அலைந்தார். அன்றுதொட்டு இந்நோய்பற்றிக் கிடைத்தவற்றைப் படித்து வருகின்றோம். மருத்துவம் நம் துறையன்று. மாணவர்க்குப் பயன்படக்கூடிய சிலவற்றை மட்டும் ஈண்டுக் கூறுவோம்.

பாரிசவாதம் பெரும்பாலும் மூளைக்குச் செல்லும் நாடியொன்றைக் குருதிக்கட்டி அடைப்பதால் வருவது. பெரியதொரு நாடி அடைபட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 19 இலட்சம் நரம்புக்கலங்கள் இறக்கின்றன என 2006 இல் கணக்கிட்டனர். நடுப்பகுதி விரைவில் மடியும். அதனைச் சூழ்ந்த பகுதியோ, அயற்குழாய்களால் வரும் சிறிது குருதியைக் கொண்டு சில மணிநேரம் உயிர்தாங்கி நிற்கும். செயலிழந்தது, ஆயின் இறவாதது. மீட்கக்கூடியது அப்பகுதியே.

கட்டியைக் கரைக்கும் மருந்து 3 மணிநேரத்துள் கொடுத்தாற் பயன் தரும் என 1995 இல் அமெரிக்காவில் நிறுவினர்; 2008 இல் அவ்வெல்லை 4½ மணிநேரமாயிற்று. 2015 இல், நாடிவழியே குழாய் செலுத்திக் கட்டியை இழுத்தெடுக்கும் முறை நிலைபெற்றது. இவை வழியைத் திறப்பன. திறக்கும்வரை கலங்களைக் காக்கும் மருந்து வேண்டாவா? ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றை ஆராய்ந்தனர். விலங்குகளிற் பல வென்றன. மனிதரில், யப்பானில் 2001 இல் ஏற்கப்பட்ட எடரவோன் போன்ற மிகச் சிலவற்றைத் தவிர, யாவும் தோற்றன.

தோல்விக்குக் காரணம் பல. அவற்றுள் ஒன்று மதில். ஜேர்மனியில் போல் ஏர்லிக் 1885 இல் விலங்கின் குருதியிற் சாயம் செலுத்தினார். ஏனை உறுப்புகள் நிறம்பெற, மூளை மட்டும் நிறமேறாது நின்றது. மூளைக்கு அச்சாயத்தின்பாற் பற்றில்லை என அவர் கருதினார். அவர் மாணாக்கர் எட்வின் கோல்ட்மன் 1913 இல் மூளையைச் சூழ்ந்த பாய்மத்திலேயே சாயத்தைச் செலுத்தினார்; மூளை நீலமாயிற்று, உடலின் பிற பகுதி ஆகவில்லை. எனவே பற்றில்லாமை காரணமன்று. இடையில் ஒரு தடையுண்டு. 1967 இல் இலத்திரன் நுணுக்குக்காட்டி அதனைக் காட்டிற்று: மூளையின் மயிர்க்குழாய்ச் சுவரிற் கலங்கள் இடைவெளியின்றி ஒட்டி நிற்கின்றன. ஆசிரியர் பிழையை மாணாக்கர் திருத்திய இக்கதையை வகுப்பிற் சொல்வதில் நமக்குத் தனி விருப்பம்.

குறித்த இலக்கையே சென்று தாக்கும் மருந்தைக் கனவு கண்டவரும் அதே ஏர்லிக்தான். நம்மவர் அதனை இராமபாணம் என்பர். இன்று அப்பாணத்தைச் செய்யும் முறை இது: மருந்தைக் கொழுப்பாலான நுண்குமிழியுள் அடைத்து, புறத்தே பிறபொருளெதிரியைப் பொருத்துவர். அழற்சியுற்ற குழாய்ச் சுவர் ஒரு புரதத்தை வெளிக்காட்டும். குமிழி அதனை இனங்கண்டு பற்றும். அழற்சியுற்ற சுண்டெலி மூளையில் இவ்வாறு குமிழிகள் சென்று சேர்வதைப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் 2020 இற் காட்டினர். கட்டியை இழுத்த குழாய் நாடியுள் இருக்கும்போதே அதன்வழி மருந்தைச் சொரிவது மற்றொரு முறை.

சென்று சேர்தல் மட்டுமன்று, வழியிற் சிதையாதிருத்தலும் வேண்டும். நெரினெடைட் என்னும் மருந்தை 1,105 நோயாளரிற் சோதித்து 2020 இல் வெளியிட்ட முடிவு, மொத்தத்திற் பயனில்லை என்பதாம். கட்டி கரைக்கும் மருந்து தூண்டும் நொதியம் இதனையும் சிதைத்துவிடும் என்று கண்டனர். அம்மருந்து பெறாதோரிற் பயன் தோன்றியதால், அத்தகையோரை மட்டும் கொண்டு மீண்டும் சோதித்தனர். அதிலும் பயன் உறுதியாகவில்லை.

சுண்டெலியின் மூளை அரைக் கிராமளவே. மனிதனுடையது ஏறக்குறைய 1,300 முதல் 1,400 கிராம். ஆய்வுகூடத்து எலி பெரும்பாலும் இளையது, நோயற்றது. அதன் நாடி எந்த நிமிடத்தில் அடைக்கப்பட்டது என்பது குறிப்பேட்டில் இருக்கும். நம் ஆசிரியருக்கு வயது அறுபத்தொன்று, நீரிழிவும் உண்டு. அவர் எப்போது வீழ்ந்தார் என்பது வீட்டில் எவருக்கும் தெரியாது.