தங்கைக்கென ஒதுக்கும் பங்கு

சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில், பெற்றோர் பால்மரம் சீவச் சென்றதும் குழந்தைகள் ஆயாக் கொட்டகையில் இருப்பர். மனவளர்ச்சி குன்றிய பிள்ளை இருந்தால், லயத்துப் பாட்டிமார் அதன்மீது ஒரு கண் வைத்திருப்பர். கையில் பணம் குறைவு. ஆனால், பார்த்துக்கொள்ள ஆள்கள் இருந்தனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது பல குடும்பங்கள் ஈப்போவுக்குக் குடிபெயர்ந்தன. லயத்து உறவுகளும் சிதறின.

அப்படி வந்த குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். தந்தைக்கு வயது 56, தொழிற்சாலை ஊழியர். மகளுக்கு 24, டவுன் சின்ட்ரோமுடன் பிறந்தவள். சோறு வடிப்பாள், துணி மடிப்பாள். ஆனால், ஐந்து வெள்ளிக்கும் ஐம்பது வெள்ளிக்கும் வேறுபாடு அறியாள். "எங்களுக்குப் பிறகு அண்ணன் பார்த்துக்கொள்வான்" என்பதே பெற்றோரின் திட்டம். சிங்கப்பூரில் வேலை செய்யும் அந்த அண்ணனை மட்டும் யாரும் கேட்டதில்லை.

டவுன் சின்ட்ரோம் உடையோர் பலர் இன்று 60 வயது வரை வாழ்கின்றனர். பெற்றோருக்குப் பின் அவள் 15 ஆண்டுகள் வாழ்வதாகக் கொள்வோம். மாதம் 900 வெள்ளி செலவானால், மொத்தம் 162,000 வெள்ளி வேண்டும். விலைவாசி உயர்வு இக்கணக்கில் சேரவில்லை.

தந்தையின் ஊழியர் சேமநிதியே குடும்பத்தின் பெரிய சேமிப்பு. முஸ்லிம் அல்லாத உறுப்பினர் ஒருவரைப் பெயர் குறித்தால், அவர் இறந்தபின் பணம் அப்பெயருக்குரியவருக்கே சேரும். அன்பு மிகுதியால் மகளின் பெயரை எழுதிவிடலாம். ஆனால், பணத்தின் மதிப்பை அறியாதவள் அதனை எப்படிக் காப்பாள்? அவளுக்காகச் சொத்தை நிர்வகிப்பவரை நியமிக்கும்படி, 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தை நாட வேண்டிய நிலையும் வரலாம்.

இதற்கு முன்கூட்டியே செய்யக்கூடிய ஏற்பாடுதான் 'டிரஸ்டு'. ஒருவருக்குரிய பணத்தை அறங்காவலர் வைத்திருந்து, எழுதிய விதிப்படி அவருக்காகச் செலவிடுவார். உறவினரை அறங்காவலராக்கலாம், 1921இல் அரசுத் துறையாகத் தொடங்கி 1995இல் நிறுவனமாக மாறிய அமானா ராயாவையும் நாடலாம். அண்ணன் தங்கையைக் கவனிக்க, பணத்தை வேறொருவர் காப்பது இருவருக்குமே நல்லது. பணமும் பராமரிப்பும் ஒரே கையில் இருக்கும்போதுதான் உறவுகளுக்குள் ஐயம் எழுகிறது.

பலர் அறியாத உரிமை ஒன்றும் உண்டு. சொக்சோ சந்தாதாரர் உரிய தகுதியுடன் இறந்தால், அவருடைய பிள்ளைகளுக்கு ஓய்வூதியத்தில் பங்கு கிடைக்கும். பொதுவாக அது 21 வயதுவரைதான். தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள இயலாத பிள்ளைக்கோ அந்நிலை நீடிக்கும்வரை கிடைக்கும். இத்தகைய விண்ணப்பங்களுக்குச் சான்றுகள் தேவைப்படும். ஆகவே, சமூகநல இலாகாவில் மாற்றுத்திறனாளியாகப் பதிந்து அட்டை பெறுவதைத் தள்ளிப்போடக்கூடாது.

தீபாவளிக்கு வந்த மகனிடம் தந்தை முதன்முறையாகக் கேட்டார். அவன் உடனே தலையாட்டவில்லை. "இடி இடித்தால் தங்கை எங்கே ஒளிவாள், எந்த மருந்து அவளுக்கு ஒவ்வாது என்பதெல்லாம் எனக்குத் தெரியாதே அப்பா," என்றான். அன்றிரவே தாய் பழைய பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து எழுதத் தொடங்கினார்.