படகுக்கு ஒரு குளிர்கால வீடு

(முன்னாள் மாணவன், இயந்திரவியல் துறை)



"ஃபாரின்ல வேலை பார்த்தீங்களே, மலருக்குப் புதுசா ஏதாவது எழுதுங்கண்ணே" என்று தம்பிகள் கேட்டார்கள். நானும் உங்களைப் போல இதே ஃபிட்டிங் ஷாப்பில் அரம் பிடித்து ராவியவன்தான். 2022 அக்டோபரிலிருந்து ஒரு வருஷம் மேற்குக் கிரேக்கக் கடற்கரையில் ஒரு படகுப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்தேன். பட்டறையின் பெயர் வேண்டாம். அங்கே கற்றதையும், நான் செய்த ஒரு தப்பையும் எழுதுகிறேன்.

விட்டுவிட்டுப் போவது ஏன்?

யாட் என்பது ஊர் சுற்றும் உல்லாசப் பாய்மரப் படகு. இங்கிலாந்து, ஜெர்மனி போன்ற நாட்டுக்காரர்கள் பலர் மே முதல் அக்டோபர் வரை மத்தியதரைக் கடலில் ஓட்டிவிட்டு, படகை அங்கேயே நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள். சட்டமும் ஒரு காரணம். ஷெங்கன் நாடுகளில் வெளியார் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். 2021 முதல் பிரிட்டிஷ்காரர்களுக்கும் இதே விதிதான். ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவரின் படகு வரி கட்டாமல் 18 மாதம் இருக்கலாம். இந்தக் கணக்குக்காகவே சிலர் துருக்கியின் மார்மாரிஸ் பக்கம் போய்விடுகிறார்கள்.

ஆக, ஆறு மாதம் ஆளில்லாத படகு! அதை எங்கே விடுவது என்பதுதான் கேள்வி.

தண்ணீரிலா, தரையிலா?

மரீனாவில் மிதக்க விட்டால் நினைத்தபோது வந்து தங்கலாம். ஆனால் கயிறு தேயும், அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டும். கரை மின்சாரத்தில் இணைத்து வைத்தால் இன்னொரு ஆபத்து. எர்த் கம்பி வழியாகப் பக்கத்துப் படகுகளோடு சேர்ந்து ஒரு பெரிய பாட்டரியே உருவாகிவிடும். கெமிஸ்ட்ரியில் படித்த கால்வனிக் செல் ஞாபகம் இருக்கிறதா? அதேதான்! துத்தநாகக் கட்டி கரையும். அது தீர்ந்தால் அடுத்தது புரொப்பெல்லர்.

தரையில் ஏற்றினால் இந்தத் தொல்லை இல்லை. நான்கு சக்கர டிராவல் லிஃப்ட் இரண்டு அகலப் பட்டைகளில் படகைத் தொட்டில் போலத் தூக்கிக்கொண்டு வந்து வைக்கும். அப்போது காற்றுதான் எதிரி.

ஒரு சின்னக் கணக்கு

படகின் எடையைக் கீல், அதாவது அடியில் நீளும் முதுகெலும்பு, மரக்கட்டைகள் மேல் தாங்க வேண்டும். பக்கத்து இரும்பு முட்டுகள் சாயாமல் பிடிப்பதற்கு மட்டுமே. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 245 நியூட்டன். 40 மீட்டரில் 980. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு! பக்கவாட்டுப் பரப்பு 15 சதுர மீட்டர் என்றால் சுமார் ஒன்றரை டன் எடை பக்கத்திலிருந்து தள்ளுவது போல. இது கதையல்ல. 2020 செப்டம்பரில் இயானோஸ் புயல் கெஃபலோனியா, இத்தாக்கா தீவுகளைத் தாக்கியபோது பல படகுகள் மூழ்கின. கரையில் ஒதுங்கி உடைந்தன.

அதனால் பட்டறைக்குப் போனதும் கீழே பாருங்கள். தரை கான்கிரீட்டா, மழையில் குழையும் மண்ணா? எதிரெதிர் முட்டுகளைப் படகின் அடியில் சங்கிலியால் பிணைத்திருக்கிறார்களா? தார்ப்பாய்க் கயிற்றை முட்டிலேயே கட்டியிருந்தால் அந்த இடமே வேண்டாம். பாய் காற்றில் அடித்தால் முட்டையும் பிடுங்கிவிடும்.

அடுத்தது மழை. ஏதென்ஸில் ஆண்டுக்குச் சுமார் 400 மில்லிமீட்டர்தான். மேற்கே கோர்ஃபுவில் 1,000-க்கும் மேல், அதிலும் பெரும்பகுதி குளிர்காலத்தில். ஒரே நாடுதான், ஆனாலும் இடம் பார்க்கணும்.

நான் செய்த தப்பு

ஓய்வுபெற்ற ஒரு தம்பதி. வீட்டை விற்று வாங்கிய படகு. போகும்போது அந்த அம்மா படகின் மேல் கை வைத்துத் தடவிவிட்டுப் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. என்ஜின் வேலை என்னுடையது. நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினேன், கிளைக்கால் கலந்தேன், ஆயில் மாற்றினேன், டீசல் டாங்க்கை நிரப்பினேன். கடைசியாக பாட்டரி மெயினை அணைத்தேன். எல்லாம் புத்தகப்படி!

மாதம் ஒருமுறை ஏணி வைத்து ஏறிப் பார்த்துப் பட்டியலில் குறி போடணும். டிசம்பரில் நல்ல மழை. கீழே நின்றபடியே அண்ணாந்து பார்த்தேன். "என்ன ஆகிடப் போகுது?" என்று 'காக்பிட் வடிகால் சரி' என்ற இடத்தில் டிக் போட்டேன். ஜனவரியிலும் அப்படியே.

பிப்ரவரியில் ஏறினால் காக்பிட் தொட்டியாக நின்றது. வடிகாலை யூகலிப்டஸ் இலைகள் அடைத்திருந்தன. பெட்டிக் கதவு வழியே வழிந்த தண்ணீர் என்ஜின் அறையில் ஸ்டார்ட்டர் மோட்டாரை மூழ்கடித்திருந்தது. தண்ணீரை இறைக்க வேண்டிய பம்ப்? பாட்டரியை அணைத்ததே நான்தானே!

ஃபோர்மேனிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. பட்டியலை என்னிடமே நீட்டி, "டிக் உன்னுடையதுதானே? நீயே அவர்களுக்குப் போன் பண்ணு" என்றார். பண்ணினேன். அதைவிடக் கஷ்டமான வேலை அந்த வருஷம் செய்யவில்லை.

செலவில் பாதியைப் பட்டறை ஏற்றது. ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், கியர் பாக்ஸ் எல்லாம் மாற்றி முடிக்க ஆகஸ்ட் ஆகிவிட்டது. அவர்களின் கோடைக்காலம் போச்சு. பெரியவர் என்னிடம் சொன்னது இதுதான்: "வாடகை கேட்டேன், லிஃப்ட் எத்தனை டன் என்று கேட்டேன். மாதாமாதம் ஏணி ஏறுவது யார் என்று கேட்கவில்லை."

எனவே, பட்டறை தேர்ந்தெடுக்கும் யாருக்கும் என் கேள்விப் பட்டியல் இது:

1. படகைப் பார்ப்பவர் யார்? அவரைச் சந்திக்க முடியுமா?
2. ஒவ்வொரு முறையும் மேலே ஏறி போட்டோ எடுத்து அனுப்புவார்களா?
3. புயல் எச்சரிக்கை வந்தால் முட்டுகளைச் சரிபார்க்க இரவில் ஆள் உண்டா?
4. பாய்மரத்தை இறக்க வேண்டும், தொட்டில் சட்டம் வேண்டும் என்று உங்கள் இன்சூரன்ஸ் கேட்கிறதா? அது அங்கே கிடைக்குமா?
5. வாடகை? இதைக் கடைசியில் கேளுங்கள்.

நண்பர்களே, நம்மில் யாரும் யாட் வாங்கப் போவதில்லை. ஆனால் லிஃப்ட், பாய்லர், பஸ் பிரேக் என்று ஏதோ ஒரு பட்டியலில் நாளைக்கு நீங்கள் டிக் போடப் போகிறீர்கள். ஏணி ஏறிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.