கரியமில வாயுவும் புழுதி நெல்லில் களையும்

மீமிசல் வட்டாரத்தில் வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புழுதியில் நெல் விதைக்கும் உழவர் பெருமக்களுக்குக் களையின் கொடுமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நட்ட வயலில் தேங்கி நிற்கும் நீரே பாதிக் களையை அடக்கிவிடும். புழுதி விதைப்பிலோ முதல் மழைக்கு நெல்லும் களையும் சேர்ந்தே முளைக்கின்றன. இந்தப் போட்டியில் காற்றிலுள்ள கரியமில வாயுவுக்கும் பங்கு உண்டு.

ஆலைகள் பெருகுமுன் காற்றில் இவ்வாயு பத்து லட்சத்தில் 280 பங்கு இருந்தது. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958-ல் அளக்கத் தொடங்கியபோது சுமார் 315 பங்கு. 2023-ல் 420-ஐத் தாண்டிவிட்டது. பயிருக்கு இது உணவு. உணவு மிகுந்தால் லாபம் நெல்லுக்கா, களைக்கா?

நெல், ஒளிச்சேர்க்கையில் முதலில் மூன்று கரிம அணுக்கள் கொண்ட பொருளை உண்டாக்கும் இனம். வாயு கூடினால் இதன் வளர்ச்சியும் கூடும். குதிரைவாலிப் புல், கோரை, அருகு, சாரணை ஆகியவை நான்கு கரிம இனம். இவை வாயுவை இலைக்குள்ளேயே திரட்டிக்கொள்வதால், வெளியே கூடுவதால் பெறும் பயன் குறைவு. அப்படியானால் வெற்றி நெல்லுக்குத்தானே என்று கேட்பீர்கள்.

அது பாதி உண்மையே. பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் நெல்லையும் குதிரைவாலி இனக் களை ஒன்றையும் சேர்த்து வளர்த்து ஆராய்ந்து, 1996-ல் முடிவை வெளியிட்டனர். வாயுவை மட்டும் சுமார் 200 பங்கு கூட்டியபோது நெல்லின் கை ஓங்கியது. வெப்பத்தையும் பகலில் 37, இரவில் 29 டிகிரி என உயர்த்தியபோது களையின் கை ஓங்கியது. வயலிலோ வாயுவும் வெப்பமும் சேர்ந்தே கூடுகின்றன. அதோடு, முளைத்த பின் பத்து நாள் மழை பொய்த்தால் நெல் வாட, கோரை தழைத்து நிற்பதை நீங்களே கண்டிருப்பீர்கள்.

களை நெல்லின் கதை வேறு. அதுவும் நெல்லைப் போல மூன்று கரிம இனமே. அமெரிக்க வேளாண்மைத் துறையினர் வாயுவை 300, 400, 500 பங்கு என வைத்துப் பார்த்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், பயிர் நெல்லைவிடக் களை நெல்லே அதிகப் பயன் பெற்றது. இதன் மணி அறுவடைக்கு முன்பே உதிர்ந்து மண்ணில் தங்கிவிடும். பயிரைக் காத்து இதை மட்டும் அழிக்கும் மருந்து கிடைப்பது அரிது. ஆகவே தூய விதையே முதல் காப்பு. கலப்புள்ள வயலிலிருந்து விதைக்கு நெல் எடுக்க வேண்டாம்.

(கம்பு, கேழ்வரகு பயிரிடுவோருக்குக் கணக்கு மாறும். அங்கே பயிர்தான் நான்கு கரிம இனம்.)

கோடை உழவால் கோரைக் கிழங்கை வெயிலில் காயவிடுங்கள். முன்மழை கிடைத்தால், முளைத்த களையை ஓர் உழவில் அழித்துவிட்டு விதைக்கலாம். விதைத்து, நனையும் மழை பெய்த 3 முதல் 5 நாட்களுக்குள் 30 சத பெண்டிமெத்தலின் மருந்தை ஏக்கருக்கு 1.3 லிட்டர் தெளிக்கலாம். ஈரமில்லாத மண்ணில் தெளித்தால் காசுதான் வீண். கைக்களையை 30 நாளுக்கு மேல் தள்ளிப் போடாதீர்கள். அப்போது குதிரைவாலிப் புல் நெல் போலவே தோன்றும். இலையும் தண்டும் சேருமிடத்தைப் பிரித்துப் பாருங்கள்: நெல்லில் வெண்மையான சிறு நாக்கு இருக்கும், புல்லில் இராது.