ஒரு சர்வர், பல வாடிக்கையாளர்: பிரித்து விற்பது பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஒரு முழு சர்வரை மாத வாடகைக்கு எடுத்து, மென்பொருளால் பல மெய்நிகர் சர்வர்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் விபிஎஸ் என்ற பெயரில் தனித்தனி வாடிக்கையாளருக்கு விடுவது சிறு முதலீட்டில் தொடங்கக்கூடிய தொழில். அம்பத்தூரில் என்டிடி, எஸ்டிடி, டிஜிட்டல் கனெக்ஷன் ஆகியவை டேட்டா சென்டர் நடத்துவதால், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் வெப்சைட் செய்து தருபவருக்கும் இது கைக்கெட்டும் யோசனைதான். பிரிக்கும் மென்பொருளுக்குக் காசில்லை. கேவிஎம் 2007 முதல் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது. அதைப் பிரவுசரிலிருந்தே நிர்வகிக்க உதவும் பிராக்ஸ்மாக்ஸ் 2008இல் வந்தது. பிரிக்கும் வேலை அரை நாளில் முடிந்துவிடும். எதைப் பிரிக்கலாம், எதைப் பிரிக்கவே முடியாது என்பதில்தான் கணக்கு தப்புகிறது.

32 கோர் இருந்தால் 32 கோர்தான் விற்க முடியும் என்பது ஒரு நம்பிக்கை; எத்தனை வேண்டுமானாலும் விற்கலாம் என்பது அதற்கு நேர் எதிரான நம்பிக்கை. இரண்டுமே தவறு. பிராசஸரில் பங்கு போடப்படுவது நேரம். பெரும்பாலான வெப்சைட்டுகள் பெரும்பாலான நேரம் சும்மா இருப்பதால், ஒரே கோரை மூன்று நான்கு பேருக்கு விற்றாலும் யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வேலை வந்தால் மட்டும் தெரியும். வாடிக்கையாளர் தன் லினக்ஸில் டாப் என்று தட்டினால், பிராசஸர் வரியின் கடைசியில் 'எஸ்டி' என்ற எண் வரும். தனக்கு வரவேண்டிய நேரத்தில் எத்தனை சதவீதம் பிறருக்குப் போயிற்று என்பதை அது காட்டும். அந்த எண் எப்போதும் பூஜ்யத்தை ஒட்டியே இருந்தால் விற்பனை நியாயமானது. பத்தைத் தாண்டி நின்றால், விற்றவர் அளவு மீறிவிட்டார்.

ராம் அப்படிப்பட்டதல்ல. ஒரு வாடிக்கையாளரின் டேட்டாபேஸ் பிடித்துவைத்திருக்கும் ஜிபியை அதே நொடியில் இன்னொருவருக்குத் தர வழியில்லை. 128 ஜிபி சர்வரில், எல்லா விபிஎஸ்ஸையும் தாங்கும் தாய் இயந்திரத்துக்கு 16 ஜிபி ஒதுக்கினால், 8 ஜிபி விபிஎஸ் 14 மட்டுமே நேர்மையாக விற்கலாம். 20 விற்றால் சில மாதம் ஓடவும் செய்யும். பிறகு ஒரு நாள் நினைவகம் தீரும்போது, லினக்ஸ் கெர்னல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஏதோ ஒரு பெரிய புராசஸை நிறுத்தும். கேவிஎம்மில் ஒவ்வொரு வாடிக்கையாளரின் முழு இயந்திரமும் தாய் சர்வருக்கு ஒரே ஒரு புராசஸ்தான். ஆகவே, ஒரு தவறும் செய்யாத ஒருவரின் சர்வர் கரண்ட் போனது போல அணைந்துபோகும்.

ஹார்ட் டிஸ்கை ஜிபி கணக்கில் பிரிப்பது எளிது. வேகம் அப்படிப் பிரியாது. சுழலும் டிஸ்க் நொடிக்கு ஏறக்குறைய நூறு சிதறலான படிப்புகளைத்தான் தாங்கும். ஒருவர் இரவில் பேக்கப் ஓட்டினால் மற்ற எல்லாருக்கும் வெப்சைட் தேங்கும். சுழலாத, பல மடங்கு வேகமான என்விஎம்இ டிஸ்க் இல்லாத சர்வரை இந்தத் தொழிலுக்கு எடுக்காமலிருப்பதே நல்லது.

ஐபி முகவரி தானாகவே கூடவரும் என்று நம்பி விலை போடுபவர்கள் உண்டு. ஆசிய பசிபிக் பதிவகமான ஏப்னிக்கின் ஐபிவி4 கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து முகவரி ரேஷன்தான். 8 முகவரி கொண்ட தொகுதி வாங்கினால், நெட்வொர்க், பிராட்காஸ்ட், கேட்வே போக 5 மிஞ்சும். அதில் ஒருவர் ஸ்பாம் அனுப்பினால், தடைப்பட்டியல்கள் சில வேளை முழுத் தொகுதியையும் சேர்த்தே அடைக்கும்; அடுத்தவரின் மெயிலும் போகாது.

அம்பத்தூரில் வைத்தால் ஆவடிக்கு வேகமாகப் போகும் என்பது பாதி உண்மை. கண்ணாடி இழையில் ஒளிக்கு 1000 கிலோமீட்டர் கடக்க 5 மில்லிசெகண்ட் ஆகும். ஜெர்மனியில் இருக்கும் மலிவு சர்வரோடு ஒப்பிட்டால் பக்கத்து சர்வருக்கு ஆதாயம் உண்டு. ஆனால் வாடிக்கையாளரின் பிராட்பேண்டும் சர்வரின் நெட்வொர்க்கும் சென்னையிலேயே கைகோக்காவிட்டால், டேட்டா மும்பை போய்த் திரும்பும். டேட்டா போகும் வழியைக் காட்டும் ட்ரேஸ்ரூட் கட்டளையை ஓட்டிப் பார்த்த பிறகே வேகத்தைப் பற்றி வாக்குத் தரவேண்டும்.

ரெய்டும் ஸ்னாப்ஷாட்டும் இருக்கின்றன, பேக்கப் எதற்கு என்பது இருப்பதிலேயே ஆபத்தான நம்பிக்கை. ரெய்டு ஒரு டிஸ்க் பழுதாவதைத் தாங்கும். தவறுதலாக அழித்ததை மீட்காது. அதே சர்வரிலிருக்கும் ஸ்னாப்ஷாட் சர்வரோடு போகும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஹெச் நிறுவனத்தின் ஒரு டேட்டா சென்டர் முழுதாக எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வெள்ளத்தில் நின்றதைப் பார்த்தவர்களுக்கு வேறு ஊரில் ஒரு பிரதி ஏன் வேண்டும் என்று விளக்க வேண்டியதில்லை.

'நாம் வெறும் ரீசெல்லர், பொறுப்பு டேட்டா சென்டருக்கு' என்று நினைப்பவர் உள்வாடகைக்கு வீடு விட்டவரின் நிலையில் இருக்கிறார்: உள்ளே நடப்பதற்கு முதலில் கேட்கப்படுவது அவர்தான். இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு விபிஎஸ் தருபவர்களைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. டேட்டா சென்டருக்கு மட்டும் என்று ஒதுக்கவில்லை. வாடிக்கையாளரின் சரிபார்த்த பெயர், முகவரி, தொடர்பு எண், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த ஐபி, எதற்காக என்ற விவரங்களை, அவர் விலகிய பிறகும் 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். லாக் பதிவுகள் 180 நாள் இருக்கவேண்டும். சைபர் தாக்குதல் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தகவல் போகவேண்டும். யூபிஐயில் பணம் வந்ததும் சர்வரைத் திறந்துவிட்டு, பெயர்கூடக் கேட்காமலிருப்பது இந்த உத்தரவுக்கு ஒத்துவராது.

விண்டோஸ் விபிஎஸ் விற்க, கடையில் வாங்கிய சாதாரண லைசென்ஸ் செல்லாது. பிறருக்கு வாடகைக்கு விடுவதற்கென மைக்ரோசாஃப்ட் தனி ஒப்பந்தம் வைத்திருக்கிறது. அது மாதாமாதம் கணக்குக் காட்டிக் கட்டணம் செலுத்துவது. லினக்ஸில் அந்தச் செலவு இல்லை.